சேவுகன் கிளாஸ் பொறுக்கிய கதை

மேலச்சுரைக்குடியில் மாவு மில் வைத்திருக்கும் மூன்று சகோதரர்களைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஒரு குறை சொல்ல மாட்டார்கள். குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சொன்ன சொல்லைத் தட்டியதே கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கல்.

மூத்தவன் சேவுகன். எதையும் யோசித்துத்தான் செய்வான். யோசிக்காமல் செய்திருந்தால் பாதி விபத்துகள் நடந்தே இருக்காது.

அடுத்தவன் பிச்சையப்பன். ஒருமுறை டாக்டர் இவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, "வெறும் வயித்துல சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம், மார்கழிப் பனி உட்பட, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் மாத்திரை போட்டுக்கொண்டான்.

கடைசித் தம்பி வயிரவன். சிலிண்டர் பதிவு செய்யப் போன் போட்டபோது ஒரு பெண் குரல், "லைன்லயே இருங்க சார்" என்றது. வயிரவன் போனைக் காதில் வைத்தபடியே நடந்துபோய் ரயில்வே லைனில் நின்றான். கேட் கீப்பர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். "அந்தப் பொண்ணு இன்னும் போகச் சொல்லலியே" என்று வயிரவனுக்கு வர மனசே இல்லை.

மாவு மில் மட்டும் ஒழுங்காக ஓடியது. மெஷின் யாருக்கும் எதையும் சொல்வதில்லை அல்லவா.

இவர்களுக்கு ஒரு அக்கா, தமயந்தி. கணவர் சிங்கப்பூரில் வேலை. அவர் அனுப்பிய காசில் புது வீடு கட்டி, தம்பிகள் மூவரையும் கூடவே வைத்துக்கொண்டிருந்தாள். சேவுகனுக்கு முப்பத்தாறு வயது முடிந்தும் கல்யாணம் ஆகவில்லையே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை. போன வருஷம் ஒரு இடம் கிட்டத்தட்ட முடிகிற மாதிரி இருந்தது. பெண் வீட்டில், "கூச்சப்படாதீங்க மாப்பிள்ளை, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார்கள். சேவுகன் சரி என்று குளித்துவிட்டு, பெண்ணின் அப்பா கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டான்.

அதற்கப்புறம் வந்ததுதான் திருச்சி உறையூர் கனகசபையின் சம்பந்தம்.

கனகசபை கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் வெள்ளைக்காரர்களுக்குக் காக்டெயில் கலந்து கொடுத்தவர். அவர் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை, மோர்தான் குடிப்பார். ஆனால் போன துறைமுகத்தில் எல்லாம் ஒரு கிளாஸ் வாங்கிச் சேர்த்து, வீட்டில் ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருந்தார். அவருக்கு ஒரே மகள், செங்கமலம்.

அவர் போனில் தமயந்தியிடம் சொன்னார். "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்னெல்லாம் நான் கேக்கப் போறதில்லம்மா. எனக்கு ஒரே ஒரு சோதனைதான். அவரே கடைக்குப் போயி நாலு காக்டெயில் கிளாஸ் பொறுக்கி எடுத்து வீட்டு ஷோகேஸ்ல வைக்கணும். ஞாயித்துக்கிழமை பொண்ணோட வந்து பாக்கறேன். கிளாஸ் பொறுக்கற விதத்துலயே மனுஷன் தெரிஞ்சிடுவான்."

தமயந்தி போனை வைத்தாள். பிறகு தம்பிகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினாள்.

"இங்க பாருங்கடா. காக்டெயில்னா கலர் கலரா எதையாச்சும் கலந்து குடிக்கிறது. அதுக்குன்னு தனி கிளாஸ் இருக்கு. காரைக்குடியில ஹனீபா பாய் கடையில பழைய சீமைக் கிளாஸெல்லாம் கிடைக்கும். போயி நல்லதா நாலு பொறுக்கி எடுங்க."

"நாமளும் அதுல ஏதாச்சும் கலந்து குடிக்கலாமாக்கா?" என்று வயிரவன் கேட்டான்.

"தொடக் கூடாது. அது அழகுக்கு."

மூவரும் தலையாட்டினார்கள்.

தமயந்திக்குத் தம்பிகளைத் தெரியும். அதனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "ஒண்ணுக்கொண்ணு பொருத்தம் பாத்து வாங்கணும். சுண்டிப் பாருங்க, டிங்குன்னு சத்தம் வரணும். வர்ற வழியில பூ மாதிரி கொண்டு வாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணிராதீக, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வேற ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றான் சேவுகன்.

பண்ணவும் இல்லை.

ஹனீபா பாய் பொறுமைசாலி. பழைய சாமான் வியாபாரத்தில் பொறுமை இல்லாவிட்டால் முடியாது. மூன்று பேர் வந்து காக்டெயில் கிளாஸ் கேட்டதும் சந்தோஷமாகக் கடையின் உள்பக்கத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே மர அலமாரிகளில் தட்டுத் தட்டாகக் கிளாஸ்கள். அகலமாக விரிந்தவை, ஒல்லியாக உயர்ந்தவை, இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி இருப்பவை, பச்சை, ஊதா, தங்கக்கோடு போட்டவை.

"பாருங்க தம்பி. எது வேணுமோ எடுங்க."

சேவுகன் அலமாரியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். அவன் முகம் வாடிப்போனது.

"எடுக்க முடியாதே பாய். பொறுக்கித்தான் எடுக்கணும்னு உத்தரவு."

"பொறுக்குங்களேன், யாரு வேண்டாங்கறா?"

"எல்லாம் தட்டுல இருக்கே. தட்டுல இருக்கறதை எடுக்கலாம். பொறுக்கறதுன்னா கீழ கெடக்கணும். நெல்லுல கல்லு பொறுக்கறோம், வேப்பங்கொட்டை பொறுக்கறோம். ஒசரத்துல இருக்கற எதையாச்சும் பொறுக்கிப் பாத்திருக்கீகளா?"

ஹனீபா பாய் யோசித்துப் பார்த்தார். பொறுக்கிப் பார்த்ததில்லைதான். வாடிக்கையாளர் என்று வந்தபிறகு வாக்குவாதம் எதற்கு என்று ஜமுக்காளத்தை விரித்து, கிளாஸ்களை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் பரப்பினார். மூன்று சகோதரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டுத் தவழ்ந்து தேட ஆரம்பித்தார்கள்.

பிச்சையப்பன் ஒரு கிளாஸைத் தூக்கிக் காட்டினான். நீளமான தண்டுக்காம்பின் மேலே விரித்த குடையைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்தது.

"இது எப்படிண்ணே?"

சேவுகன் உற்றுப் பார்த்தான். "வாய் ரொம்பப் பெரிசா இருக்கேடா. நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரக முன்னால எதையாச்சும் உளறி வச்சிருச்சுன்னா?"

"ஒத்தக் கால்ல வேற நிக்குது" என்றான் வயிரவன். "பிடிவாதம் ஜாஸ்தி போல."

"வீட்டுல அக்கா ஒருத்தி பிடிவாதமே போதும். வச்சிரு, வச்சிரு."

ஒல்லியான கிளாஸ் ஒன்று எல்லோருக்கும் பிடித்தது. வாய் சின்னது, அடக்கமானது. சேவுகன் விரலால் சுண்டினான். டிங் என்றது.

"பாடவும் செய்யுது" என்று பிச்சையப்பன் சந்தோஷப்பட்டான்.

"இதுக்குப் பொருத்தமா இன்னொண்ணு வேணுமே. பாய், இது எந்த ஊர்ல பிறந்தது?"

"பிரான்ஸ் சாமான் தம்பி."

"நட்சத்திரம்?"

ஹனீபா பாய்க்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, நட்சத்திர டிசைனா? இருக்கே!" என்று நட்சத்திரம் செதுக்கிய ஒரு கிளாஸை எடுத்துக் காட்டினார்.

"நட்சத்திரம் இருக்கறது தெரியுது பாய். எந்த நட்சத்திரம்னு கேக்கறேன். ரோகிணியா, மிருகசீரிஷமா? அது தெரியாம எப்படிப் பொருத்தம் பாக்கறது?"

"தம்பி, அது வெறும் கண்ணாடி."

"அப்பாம்மா இல்லாத கிளாஸா?" வயிரவனின் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, ஜாதகம் இல்லாட்டியும் பரவால்லண்ணே. இதையே எடுத்துக்குவோம்."

சேவுகனுக்கும் இளகின மனசுதான். "பேர்ப் பொருத்தம் பாத்துக்கலாம்" என்று முடிவு செய்தான். ஒவ்வொரு கிளாஸுக்கும் என்ன பெயர் என்று ஹனீபா பாயிடம் விசாரித்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், கிளாஸ் என்றதும் அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ஒல்லி ஒன்று, நட்சத்திரம் ஒன்று, உடுக்கை ஒன்று, சின்னத் தாம்பாளம் மாதிரி அகலமான பச்சை ஒன்று. நாலு கிளாஸ் முடிவாயின.

அப்போதுதான் சுவரில் இருந்த பலகை பிச்சையப்பன் கண்ணில் பட்டது. 'கவனம்! உடைத்தால் அது உங்களுடையது' என்று அதில் எழுதியிருந்தது.

பிச்சையப்பன் அதை இரண்டுதரம் சத்தமாகப் படித்தான். மூன்று பேரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கலந்து பேசினார்கள்.

"உடைத்தால் உங்களுடையதுன்னு எழுதியிருக்கு. அப்ப உடைக்காட்டி?"

"பாயுடையது."

"நாம காசைக் குடுத்தாலுமா?"

"காசைப் பத்திப் போர்டுல ஒண்ணும் இல்லியே."

"அப்ப பாயுடைய கிளாஸைக் கொண்டு போயி நம்ம வீட்டுல வச்சுக்கிட்டு, நம்முடையதுன்னு பெரிய மனுஷன்கிட்டப் பொய்யா சொல்றது?"

சேவுகன் நேர்மையானவன். பொய் சொல்லிக் கல்யாணம் செய்துகொள்ள அவனுக்கு விருப்பமில்லை. "பாய்" என்று மரியாதையாகக் கூப்பிட்டான். "ஒரு சுத்தியல் கிடைக்குமா?"

"எதுக்குத் தம்பி?"

"ஒரு அஞ்சு நிமிஷத்துல தந்துர்றோம்."

ஆணி அடிக்கவோ என்னவோ என்று ஹனீபா பாய் சுத்தியலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். தங்கக்கோடு போட்ட ஊதாக் கிளாஸ் ஒன்று ஜமுக்காளத்தில் சில்லுச் சில்லாகக் கிடந்தது. வயிரவன் சுத்தியலோடு பணிவாக நின்றான்.

"இது இப்ப எங்களுடையது" என்றான் சேவுகன். "அடுத்தது அந்த ஒல்லி."

ஹனீபா பாய் தன் வயதுக்கு மீறிய வேகத்தில் பாய்ந்து சுத்தியலைப் பிடுங்கினார். பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். நாலு கிளாஸையும் அவர்கள் கையில் திணித்து, உடைந்ததற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க தம்பி" என்றார். பிறகு அவசரமாக, "போயிடுங்க, வர வேண்டாம்" என்று திருத்திக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன்னால் மூவரும் குனிந்து ஊதாச் சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்கள் முறைப்படி பொறுக்கியது அது ஒன்றுதான். முழுக்க முழுக்க அவர்களுடையதும் அது ஒன்றுதான்.

அடுத்தது, பூ மாதிரி கொண்டு போக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மாவிடம் போய், "பூவை எப்படிம்மா கொண்டு போவாக?" என்று சேவுகன் கேட்டான்.

"நார்ல கட்டி, தண்ணி தெளிச்சுக் கொண்டு போவாக. இது என்ன கேள்வி?"

"அப்படியே இதையும் கட்டிக் குடுங்க."

அந்தம்மா காலையிலிருந்து வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். எதையாவது கட்டினால் போதும் என்ற நிலைமை. காம்பு வேறு வாட்டமாக இருந்தது. நாலு கிளாஸையும் நெருக்கமாக வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டி, இடையிடையே கொஞ்சம் மரிக்கொழுந்தும் சொருகி, தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். மாலையாக வந்துவிட்டதால் சேவுகன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். வேறெங்கே போடுவது?

மேலச்சுரைக்குடி போகும் மினி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

அந்தப் பஸ்ஸில் விசில் கிடையாது. கயிற்றை இழுத்தால் டிரைவர் தலைக்கு மேலே மணி அடிக்கும். ஒரு டிங் என்றால் நிற்க வேண்டும். இரண்டு டிங் என்றால் கிளம்ப வேண்டும்.

முதல் பள்ளத்தில் சேவுகனின் மாலை டிங் என்றது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. கண்டக்டர், "யாரு இறங்கறது?" என்று கத்தினார். சேவுகன் என்னவென்று பார்க்கத் திரும்பினான். டிங் டிங். பஸ் கிளம்பியது. அடுத்த பள்ளத்தில் மறுபடி நின்றது. அந்தச் சாலையில் எத்தனை பள்ளம் என்று ஊர்க்காரர்களுக்கே தெரியாது, அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். ஒரு இடத்தில் சேவுகனுக்குத் தும்மல் வந்தது. ஏழெட்டு டிங் ஒன்றாகக் கேட்டதும் டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் ஒரு டீ குடித்தார்.

முக்கால் மணி நேரப் பயணம் அன்றைக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. இறங்கும்போது கண்டக்டர் கடுப்போடு கேட்டார். "மாலையும் கழுத்துமா எங்கய்யா போறே? கல்யாணமா?"

"கிளாஸைப் பொறுத்துத்தான்" என்றான் சேவுகன்.

வீட்டில் தமயந்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பலகாரத்துக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நார் பிரித்து, நாலு கிளாஸையும் மேஜைமேல் வைத்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. சேவுகன் ஷோகேஸின் கண்ணாடிக் கதவைத் திறக்கப் போனான்.

"நில்லுண்ணே" என்றான் பிச்சையப்பன். "அக்கா இதை யாருக்குன்னு சொன்னாக?"

மூவரும் நினைவுபடுத்திப் பார்த்தார்கள்.

"அழகுக்குன்னு சொன்னாக" என்றான் வயிரவன். "நாம தொடக் கூடாது, அது அழகுக்குன்னு தெளிவாச் சொன்னாக."

அழகு என்பது அவர்கள் தெருக்கோடியில் ஆடு வளர்க்கும் ஒரு மனிதன்.

"அவனுக்கு எதுக்குடா?"

"அது நமக்கெதுக்கு? அக்கா ஒண்ணு சொன்னாகன்னா காரணம் இருக்கும்."

தெருக்கோடிக்குப் போய் நாலு கிளாஸையும் அழகிடம் ஒப்படைத்தார்கள். அழகுக்கு அதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினான். "இதை என்ன செய்யணும்ணே?" என்று கேட்டான். சேவுகனுக்கும் தெரியவில்லை. "குடிக்கறதுக்கில்லைன்னு அக்கா சொன்னாக" என்று மட்டும் எச்சரித்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து, தங்களுடையதான ஊதாச் சில்லுகளை ஒரு வெள்ளித் தட்டில் பரப்பி ஷோகேஸின் நடுத்தட்டில் வைத்தார்கள். தூசி படாமல் ஒரு துண்டைப் போட்டு ஷோகேஸை மூடினார்கள்.

தமயந்தி வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு."

"உடையலையே?"

"நாலும் உடையல."

"வச்சாச்சா?"

"வைக்க வேண்டிய எடத்துல வச்சாச்சு."

முப்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாகத் தமயந்தி தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். துண்டைத் தூக்கிப் பார்க்கலாமா என்று நினைத்தவள், பலகார வேலை நினைவுக்கு வந்ததும் உள்ளே ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கனகசபையின் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, தங்கப் பிரேம் மூக்குக்கண்ணாடி, நிமிர்ந்த நடை. பின்னால் செங்கமலம், இளநீலப் பட்டுப்புடவையில், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு.

காபியெல்லாம் அப்புறம் என்று கனகசபை நேராக ஷோகேஸ் முன்னால் போய் நின்றார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். துண்டை மெல்ல இழுத்தார்.

தமயந்தி பார்த்தாள். கையில் இருந்த முறுக்குத் தட்டு சாய்ந்து, முறுக்குகள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன. வயிரவன் குனிந்து அவற்றைப் பொறுக்கினான்.

கனகசபை குனிந்து தட்டை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மாப்பிள்ளை, என்ன இது?"

"கிளாஸுங்க. நான் பொறுக்குனது."

"உடைஞ்சிருக்கே?"

"உடைஞ்சதாலதாங்க இது நம்முடையது."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் அழகுக்குங்க."

கனகசபை மெதுவாகப் பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"முப்பது வருஷம்மா" என்றார் கனகசபை. "ஊர் ஊராப் போயி வாங்கிச் சேத்தேன். தினமும் தொடைச்சு வைக்கிறேன். எல்லாம் என்னுடையதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உடைஞ்சதுதான் நம்முடையது, மத்ததெல்லாம் வெறும் அழகுக்கு... எத்தனை பெரியவங்களப் பாத்திருக்கேன், ஒருத்தர் இதை எனக்குச் சொல்லலியே!"

பிச்சையப்பன் அண்ணன் காதில் கிசுகிசுத்தான். "ஹனீபா பாய் கடையில போர்டே எழுதி மாட்டியிருந்துச்சுன்னு சொல்லிரவா?"

"வேண்டாம்டா. பெரிய மனுஷன் வருத்தப்படுவாரு."

தமயந்திக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் இப்படித்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காபி எடுத்துவந்து கொடுத்தாள். கனகசபை குடித்தார். செங்கமலம் டம்ளரைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆடை படிந்தது. காபி ஆறியது.

"ஏம்மா குடிக்கல? சக்கரை ஜாஸ்தியா?" என்றாள் தமயந்தி.

செங்கமலம் அப்பாவைப் பார்த்தாள். கனகசபை நெற்றியில் அடித்துக்கொண்டார். "போற எடத்துல வாயைத் திறக்காதேன்னு நான்தான் காலைல சொன்னேன். அதுலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. திறம்மா."

செங்கமலம் வாயைத் திறந்தாள். திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

சேவுகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இதுவரை பார்த்த பெண்கள் யாரையும் அவனுக்குப் புரிந்ததில்லை. இந்தப் பெண்ணின் ஒவ்வொரு அசைவும் அவனுக்குப் புரிந்தது. நெஞ்சுக்குள் டிங் என்று ஏதோ சுண்டின மாதிரி இருந்தது.

"மூடிக்கலாம்னு சொல்லுங்க" என்று மெதுவாகக் கனகசபையிடம் சொன்னான். "வாய் வலிக்கும்."

செங்கமலம் வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து கார் கிளம்பியது. தெருக்கோடியில் மறுபடி நின்றது. அழகின் வாசலில் ஒரு ஆட்டுக்குட்டி, சீமைப் பச்சைக் கிளாஸில் வாயை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அழகு, நட்சத்திரக் கிளாஸில் இருந்த கேப்பைக் களியை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தான். குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா.

"இது யார் குடுத்ததுப்பா?" என்றார் கனகசபை, இறங்கிப்போய்.

"சேவுகண்ணன்தாங்க."

கனகசபை திரும்பி நடந்து வந்து சேவுகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை. கல்யாணத்தை முடிச்சிடலாம்" என்றார்.

மறுவாரம் தமயந்தி கணவரைப் பார்க்கச் சிங்கப்பூருக்குக் கிளம்பினாள். போகும்போது, "நாள் பாக்கற வேலையை விட்டுராதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

விடவில்லை. மறுநாள் காலையிலிருந்து சகோதரர்கள் மூவரும் மொட்டை மாடியில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து நாள் பார்த்தார்கள்.

"திங்கக்கிழமை எப்படிடா?"

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் வெயில் கொளுத்திருச்சு."

"செவ்வாய்?"

"ஒரே புழுக்கம். நாள்னு சொல்லிக்கவே லாயக்கில்ல."

புதன்கிழமை புழுதி. வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் சண்டை. ஒரு சனிக்கிழமை கிட்டத்தட்டத் தேறிவிட்டது, சாயந்தரம் கரண்ட் போய் ஆட்டத்தைக் கெடுத்தது. தினமும் பார்த்து முடித்ததும் சேவுகன் உறையூருக்குப் போன் போடுவான். அங்கே செங்கமலமும் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை வந்தது. விடியும்போதே லேசான தூறல். அப்புறம் இதமான காற்று. மில்லில் பெல்ட் அறுந்து போகவில்லை. மத்தியானம் தயிர் புளிக்கவில்லை. மூவரும் இமைக்காமல் பார்த்தார்கள். சாயந்தரம் ஆறரை மணிக்குச் சேவுகன் எழுந்து நின்று, "இதுதான்டா நல்ல நாள்" என்று அறிவித்துவிட்டுப் போனை எடுத்தான்.

"இங்கயும் இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள் செங்கமலம். "நான் முழுசாப் பாத்தேன்."

"அப்ப இந்த நாளையே வச்சிருவோமா?"

"வச்சிருவோம்."

கனகசபையிடம் வியாழக்கிழமை என்று சொன்னார்கள். மாப்பிள்ளை பார்த்த நாள் ஆயிற்றே, அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்காரர் மட்டும் தேதியைப் படித்துவிட்டு, "சரியாப் பாத்துட்டீங்களா?" என்றார்.

"மூணு பேரும் உக்காந்து பாத்தோம்" என்றான் பிச்சையப்பன்.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை சொந்தபந்தம் எல்லோருக்கும் போனது. சென்ற வியாழக்கிழமை காலை நடைபெறும் திருமணத்துக்குச் சுற்றமும் நட்பும் சூழ, தவறாமல் வந்திருந்து வாழ்த்தும்படி கேட்டிருந்தார்கள்.

எனக்கும் ஒன்று வந்தது. என்னால் போக முடியவில்லை.